அருங்காட்சியகத்தை ஊருக்குள் கொண்டுபோவது: கொங்குப் பகுதிக்கான கைப்பேசி நடைவழிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்ட அருங்காட்சியகங்களில் வேலை செய்பவர்கள், ஊர் வரலாற்றுக் குழுவினர், பள்ளி ஆசிரியர்கள், ஊராட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளையும் அது கிடைத்த மண்ணையும் கைப்பேசி வழியாக இணைப்பது எப்படி என்பதுதான் பேச்சு. நடைவழி என்றால், சில இடங்களில் நின்று, அங்கே உள்ள பலகையின் கியூஆர் குறியீட்டைப் போனில் பிடித்து, அந்த இடத்தைப் பற்றிய ஒலியைக் கேட்டுக்கொண்டே போகும் வழி. ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல் பகுதிகளை மனதில் வைத்து எழுதியது.

அருங்காட்சியகச் செயலி என்றால் உள்ளே இருக்கும் பொருளை விளக்குவதுதானே? அதை ஏன் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும்?

உள்ளே ஏற்கெனவே விளக்க அட்டை இருக்கிறது, காவலர் இருக்கிறார், கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. பொருள் கிடைத்த இடத்தில்தான் ஒன்றும் இல்லை. கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலின் வடகரையில் இருக்கும் ஊர். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1985 முதல் பல கட்டங்களாக அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைக் கழிவு எல்லாம் கிடைத்தன. ஆனால் இன்று போய் நின்றால் கண்ணுக்குத் தெரிவது மானாவாரிக் காடும் தோட்டமும்தான். தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள், அதுதான் முறை. பார்க்கப் போனவர் “இங்க ஒண்ணுமே இல்லைங்களே” என்று திரும்புகிறார். கைப்பேசிக்கு வேலை அந்த இடத்தில்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெட்டிக்குள் ஒரு நீலப்பச்சைக் கல்மணி இருந்தால், அந்தப் பெரில் கல் படியூர்ப் பக்கம் வெட்டியெடுக்கப்பட்டது, நீலக்கல் சிவன்மலைப் பக்கம் கிடைத்தது, படிகக்கல் வெங்கமேட்டில் கிடைத்தது என்று சொன்னால், காங்கயத்துக்காரருக்கு அந்த மணி சொந்த ஊர்ச் சரக்காகிவிடும். பார்வையாளரை உள்ளிருந்து வெளியே அனுப்ப வேண்டும், வெளியே இருப்பவரை உள்ளே வரவைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றையாவது செய்யாத செயலி, கைப்பேசிக்குள் போட்ட துண்டறிக்கைதான்.

எந்த இடங்களைத் தேர்ந்தெடுப்பது? ஒரு வழியில் எத்தனை நிறுத்தம்?

நடந்து போகும் வழியென்றால் 6 முதல் 8 நிறுத்தம், மொத்தம் 2 கிலோமீட்டருக்குள். வண்டியில் போவதென்றால் 5 இடம் போதும். அதற்கே அரை நாள் போய்விடும். முதல் பட்டியலில் எல்லாரும் 25 இடம் எழுதிக்கொண்டு வருவார்கள். அதைக் குறைப்பதற்கு மூன்று கேள்வி: அங்கே இப்போது கண்ணால் பார்க்க ஏதாவது ஒன்று இருக்கிறதா, பொதுவழியிலேயே நின்று பார்க்க முடியுமா, அருங்காட்சியகத்தில் அதோடு தொடர்புள்ள ஒரு பொருள் இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மட்டும் என்றால் யோசியுங்கள்.

நல்ல நடைவழிக்கு ஒரு நூல் வேண்டும். காலிங்கராயன் வாய்க்கால் அப்படிப்பட்டது. 13-ம் நூற்றாண்டில் வெட்டியது. பவானிக்குப் பக்கத்து அணையில் தொடங்கி ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யலில் சேர்கிறது. அத்தனையையும் எடுக்க வேண்டாம். ஈரோட்டு ஓரமாக ஒரு 2 கிலோமீட்டர் எடுத்து, மதகு, பாலம், இன்று அதில் கலக்கும் கழிவுநீர் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னால் அதுவே முழு வழி.

ஒற்றை இடமாகவே நிற்கக்கூடியவையும் உண்டு. அறச்சலூர் நாகமலையில் உள்ள கல்வெட்டில் “த தை தா தை த” என்று தாளச் சொற்கட்டுகள் கட்டம்போல வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கூடவே தேவன் சாத்தன் என்ற பெயர். படமாகக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒருவர் வாயால் சொல்லிக் காட்டினால் 20 நொடியில் புரிந்துவிடும். கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலையிலுள்ள புகழூர்க் கல்வெட்டு இன்னொன்று. சேர மன்னர் மூன்று தலைமுறைப் பெயர் அதில் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்தவர்களிலேயே பலர் மலையேறிப் பார்த்ததில்லை.

தனியாக ஒரு செயலி செய்துவிடலாமா? இணையப் பக்கம் போதுமா?

முதல் ஆண்டுக்கு இணையப் பக்கம்தான். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெயிலில் நிற்பவர் பிளே ஸ்டோருக்குப் போய், 60 எம்பி இறக்கி, நான்கு அனுமதி கொடுத்து, பதிவு செய்து கேட்கமாட்டார்.

பணமும் ஒரு காரணம். கூகுள் பிளே கணக்குக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். அது பெரிய தொகையில்லை. பெரிய செலவு பிறகு வரும். ஆண்ட்ராய்டு புதிய பதிப்புக்கு ஏற்பச் செயலியை அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்லி கூகுள் கெடு வைக்கும்; செய்யாவிட்டால் புதிய போன்களில் தேடினாலும் உங்கள் செயலி தென்படாது. திட்டப் பணம் முதல் ஆண்டோடு தீர்ந்திருக்கும். செய்துகொடுத்த நிறுவனம் போனை எடுக்காது. அருங்காட்சியகச் செயலிகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

இடைவழியும் இருக்கிறது. இசி.டிராவல் (izi.TRAVEL) போன்ற இலவச ஒலிவழிகாட்டித் தளங்களில் உள்ளடக்கம் ஏற்றலாம். வசதிதான். ஆனால் மூல ஒலிக்கோப்பு, எழுத்து, படம், இடப்புள்ளிகள் நான்கையும் உங்கள் வன்தட்டில் தனியாக வைத்திருங்கள். தளம் நாளை மூடினாலும் வேலை வீணாகாது.

சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

மலையடிவாரத்தில் சிக்னல் இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். சிக்னல் முழுக்க இருந்தும் இணையம் ஓடாத இடத்தைத்தான் மறந்துவிடுவார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா, குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை கூடும்போது ஒரே டவரில் அத்தனை போனும் தொங்கும். அன்றைக்குத்தான் உங்கள் நடைவழிக்கு ஆள் அதிகம்.

ஆகவே முழு வழியையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளும்படி அமையுங்கள். கணக்கு எளிது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) மோனோ தாராளம். நொடிக்கு 8 கேபி. 90 நொடி ஒலி 720 கேபி. 8 நிறுத்தத்துக்கு 6 எம்பிக்குள். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) வடிவில் வைத்தால் ஒன்று 150 கேபி. நிறுத்தத்துக்கு 3 படம் போட்டாலும் 4 எம்பி தாண்டாது. வரைபடத்துக்கு இணைய வரைபடத்தை நம்பாமல், கையால் வரைந்த ஒரே படமாக வையுங்கள். மொத்தம் 12 எம்பிக்குள் முடியும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஐபோனில் சஃபாரி வழியாகச் சேமித்ததை, முகப்புத் திரையில் சேர்க்காமல் 7 நாள் திறக்காமல் விட்டால், அழித்துவிடும். ஆகவே “போகிற நாள் காலையில் இறக்குங்கள்” என்று எழுதுங்கள். இரண்டாவது, ஃபேஸ்புக் போன்ற செயலிகளுக்குள் சுட்டியைத் தொட்டால் சில போன்களில் பக்கம் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும். அங்கே இறக்கியது குரோமில் இருக்காது. “குரோமில் திறக்கவும்” என்ற வரி முதல் திரையில் இருக்கட்டும்.

ஒலிப்பதிவை யார் பேசுவது, எப்படிப் பேசுவது?

தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கும் குரல் வேண்டாம். உள்ளூர்க்காரர் பேசட்டும். கணினிக்குரலும் வேண்டாம், தமிழ்க் கணினிக்குரல் ஊர்ப் பெயரிலும் கல்வெட்டுச் சொல்லிலும்தான் இடறும், உங்களுக்கு அதுதான் முக்கியம்.

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தமிழ்ச் சொல். 90 நொடிக்கு 150 சொல். முதல் 15 நொடியில் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நூற்றாண்டும் அரசர் பெயரும் பிறகு வரட்டும். கொடுமணலுக்கு இப்படி ஆரம்பிக்கலாம்:

“ரோட்டு ஓரமாவே நில்லுங்க, காட்டுக்குள்ள இறங்க வேண்டாம். தெக்கால மரக்கூட்டம் தெரியுதுங்களா, அதுக்கு அந்தாண்ட நொய்யல். வெயில் காலையில உங்க இடக்கைப் பக்கம் இருக்கோணும். இப்ப காலடியில பாருங்க. கறுப்பும் சிவப்புமா ஓட்டுச்சில்லு கிடந்தாலும் கிடக்கும். எடுக்காதீங்க, குனிஞ்சு பாத்தாப் போதும்.”

கொங்கு நாட்டில் வழி சொல்பவர்கள் தெக்கால, வடக்கால என்றுதான் சொல்வார்கள். நகரத்திலிருந்து வருபவருக்குத் திசை தெரியாது. அதனால்தான் மேலே சூரியனும் இடக்கையும் சேர்ந்து வருகின்றன. சாயங்காலம் கேட்பவருக்கு அது மாறும் என்பதால் வாய்க்கால், கோபுரம், தண்ணீர்த்தொட்டி மாதிரி நகராத அடையாளம் ஒன்றையும் சேருங்கள்.

பதிவுக்கு ஸ்டுடியோ தேவையில்லை. சட்டையில் குத்தும் மைக், அதற்கு நுரைத்தொப்பி, மெத்தை போட்ட சின்ன அறை, மின்விசிறி நிறுத்தம். ஓட்டுவீடும் சிமெண்ட் அறையும் எதிரொலிக்கும். வெளியே பதிவு செய்தால் காற்று கெடுக்கும். கொங்குச் சமவெளியில் ஆனி, ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஒன்றும் எடுக்க முடியாது.

எழுத்து சம்பந்தமாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பழைய விளக்க அட்டைக் கோப்புகள் பெரும்பாலும் வானவில் அல்லது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் கிறுக்கலாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். ஸ்ரீ, கிரந்த எழுத்து, எண்கள் மூன்றும் மாற்றியில் அடிபடும். திரையில் 18 பிக்சலுக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக வையுங்கள். கறுப்புப் பின்னணி அறைக்குள் அழகு, வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடி.

அந்த இடத்துக்குப் போனதும் தானாகவே ஒலிக்கும்படி ஜிபிஎஸ் வைத்துச் செய்ய முடியாதா?

முடியும். நடைவழிக்குப் பெரிதாக உதவாது. திறந்த வெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். ஆலமரத்தடியிலும் கோபுரத்தை ஒட்டியும் 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டும். போன் பைக்குள் இருக்கும்போது “இந்த வட்டத்துக்குள் வந்தால் ஒலி” என்று வைக்க, ஆண்ட்ராய்டு 100 முதல் 150 மீட்டர் ஆரமாவது வேண்டும் என்கிறது. அதுவும் தகவல் வர 2, 3 நிமிடம் ஆகலாம். 100 மீட்டர் நடக்க ஒன்றேகால் நிமிடம்தான். கல்லைத் தாண்டிப் போன பிறகு “உங்கள் முன்னால் இருக்கும் கல்” என்று குரல் வரும். ஷியோமி, விவோ, ஓப்போ போன்களில் பேட்டரிச் சேமிப்பு அந்தச் செயலியையே பாதியில் நிறுத்திவிடும். வெறும் இணையப் பக்கத்தால் பின்னணியில் இதைச் செய்யவே முடியாது. பேருந்தில் ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற வழியில் கேட்கிற மாதிரி, கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி உள்ள வழிக்கு இது பொருந்தும். அப்போதும் ஐபோனில் ஒரு செயலிக்கு 20 வட்டம், ஆண்ட்ராய்டில் 100 என்ற வரம்பை நினைவில் வையுங்கள்.

புள்ளி குறிக்கும்போது இரண்டு நிமிடம் அசையாமல் நின்று எடுங்கள். தசமத்துக்குப் பின் 5 இலக்கம் போதும். அதுவே ஒரு மீட்டர் அளவு. எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு ஒன்று உண்டு: நம் பகுதி அட்சரேகை 11, தீர்க்கரேகை 77. கூகுள் மேப்ஸ் முதலில் அட்சரேகை கேட்கும். இடப்புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்பு முதலில் தீர்க்கரேகை கேட்கும். மாற்றிப் போட்டால் கொடுமணல் ஆர்க்டிக்கில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே கடலில் போய் விழும். வரைபடம் வெறும் நீலமாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கியூஆர் பலகை எந்த அளவில், எதில் செய்வது?

படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு. 30 செ.மீ. தூரத்துக்கு 3 செ.மீ.; ஒரு மீட்டர் தள்ளி நின்று பிடிப்பார்கள் என்றால் 10 செ.மீ. சுற்றிலும் 4 கட்ட அளவு வெற்றிடம் விட வேண்டும். அழகுக்காகச் சட்டம் போட்டு அதை அடைத்துவிட்டால் போன் படிக்காது. குறியீட்டை உருவாக்கும்போது பிழைதிருத்தம் ‘கியூ’ (Q) அளவில் வையுங்கள். கால்வாசி அழிந்தாலும் படிக்கும். முகவரி எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிய கட்டங்கள், அவ்வளவு எளிதாகப் படியும்.

இலவச கியூஆர் தளங்கள் கொடுக்கும் மாற்றத்தக்க கியூஆரில் ஏமாறாதீர்கள். சோதனைக்காலம் முடிந்ததும் நின்றுவிடும். பலகை எல்லாம் ஏற்கெனவே அடித்தாகிவிட்டிருக்கும். உங்கள் சொந்த முகவரியை மட்டும் அச்சிட்டு, அது எங்கே போக வேண்டும் என்பதைச் சர்வரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருளைப் பற்றி: ஸ்டீல் தகட்டில் பொறித்தால் வெயிலில் பளபளத்துப் படியாது. தனி அலுமினியமும் பித்தளையும் ஒரு மாதத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். 3 அல்லது 4 மி.மீ. ஏசிபி ஷீட்டில் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) புற ஊதாத் தடுப்புடன் பளபளப்பில்லாமல் அச்சிடுவது நல்லது. எடைக்குப் போட்டால் ஒன்றும் கிடைக்காது என்பதே அதற்குப் பாதுகாப்பு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், கொஞ்சம் சாய்வு. குழந்தைக்கும் சக்கர நாற்காலிக்கும் எட்டும். அதற்குக் கீழே வைத்தால் ஆடு உரசும். வடக்குப் பார்த்து வைத்தால் சாயம் போவது குறையும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. கியூஆரைப் பார்த்ததும் மக்களுக்கு நினைவு வருவது ஜிபே. கோயில் பக்கத்தில் என்றால் காணிக்கை என்றே நினைப்பார்கள். பலகையில் பெரிதாக “பணம் செலுத்த அல்ல – கேட்பதற்கு” என்று எழுதுங்கள். அதே காரணத்துக்காக யாராவது தங்கள் பணக் குறியீட்டை மேலே ஒட்டக்கூடும். மாதம் ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்க்க ஆள் வேண்டும். குறியீட்டுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் அச்சிட்டால், எதிரில் திறக்கும் பக்கம் அதுதானா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பழைய தெருவையும் இன்றைய தெருவையும் கேமராவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டலாமா?

லண்டன் அருங்காட்சியகம் 2010-ல் ஸ்ட்ரீட்மியூசியம் என்ற செயலியில் இதைத்தான் செய்தது: நீங்கள் நிற்கும் தெருவின் மேல் அதன் பழைய புகைப்படம் வந்து படியும். பலருக்கு அதைப் பார்த்து ஆசை. ஆனால் அதற்கு வேண்டியது தேதியும் இடமும் தெரிந்த தெருப் புகைப்படங்கள். உங்களிடம் அப்படி 10 படம் இருந்தால், திரையில் விரலால் இழுத்துப் பழையது புதியது பார்க்கும் வசதி போதும். அதே கோணத்தில் இன்று ஒரு படம் எடுத்துவிட்டால் கேமரா, மிதக்கும் உருவம் எதுவும் வேண்டாம். முப்பரிமாண உருவம் வெயிலில் தெரியாது, நகர்ந்துகொண்டே இருக்கும், பேட்டரியைக் குடிக்கும், விலை குறைந்த போன்களில் ஓடவே ஓடாது.

பள்ளிப் பிள்ளைகளிடம் போன் இல்லையே?

இருக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் ஒரு போன், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், 4 பேருக்கு ஒரு அச்சிட்ட தாள். 30 பிள்ளைகளுக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டம் வழியின் கடைசியிலிருந்து தொடங்கட்டும். எல்லாரும் ஒரே கல்லைச் சுற்றி நின்றால் பின்னால் இருப்பவன் கல்லெறிய ஆரம்பிப்பான்.

கேள்வியை இரண்டு பக்கமும் கட்டுங்கள். களத்தில் கேட்கும் கேள்விக்கு விடை அருங்காட்சியகப் பெட்டியில், பெட்டிக்குப் பக்கத்தில் கேட்கும் கேள்விக்கு விடை களத்தில் என்று இருக்கட்டும். புலியோடு போராடிய வீரனுக்கு நட்ட புலிகுத்திக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “இந்தப் புலிகுத்திக் கல்லில் வீரன் கையில் இருப்பது என்ன ஆயுதம்? அதே மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் எந்த அறையில் இருக்கிறது?” என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த வாரம் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். விடைத்தாளில் முத்திரை குத்திக்கொடுங்கள். மதிப்பெண், முதலிடம், திரையில் பட்டியல் வேண்டாம். ஓடிப்போய் முடிக்கத்தான் பார்ப்பார்கள்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு?

மிஸ்டு கால் எண். அழைத்தால் துண்டித்துத் திருப்பி அழைத்து, நிறுத்தத்தின் எண்ணை அழுத்தச் சொல்லி அதே ஒலியைக் கேட்கவைக்கும் சேவைகள் இருக்கின்றன. அதே 90 நொடிக் கோப்புதான். தனியாக எதுவும் பதிய வேண்டாம். அம்மாயி, அப்பாரு வயதுக்காரர்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்கள், “அது அப்படி இல்லீங்” என்று திருத்துவார்கள். கடைசியில் “உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல 9-ஐ அழுத்துங்கள்” என்று ஒரு பதிவு வசதி வையுங்கள். விவசாயச் சொல், ஊர்ப் பழம்பெயர், வாய்க்கால் முறை பற்றி எந்தக் கல்வெட்டிலும் இல்லாதது அதில் வரும்.

மக்கள் படமும் தகவலும் அனுப்பினால் அப்படியே வெளியிடலாமா?

கூடாது. ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். கருத்துப் பெட்டியைத் திறந்தே வைக்காதீர்கள். நம் பகுதியில் நடுகல், குலதெய்வம், காணி என்று வந்தால் அது எந்தச் சாதியின், எந்தக் குலத்தின் கல் என்ற சண்டை மூன்றாவது கருத்திலேயே தொடங்கிவிடும். கல்லில் எழுத்து இருந்தால் அந்த வாசகத்தையும் படித்த ஆண்டையும் மட்டும் சொல்லுங்கள். எழுத்தில்லாத கல்லுக்கு உரிமை எழுதுவது உங்கள் வேலையில்லை.

காசு, மணி, சிலை கிடைத்தது என்று படம் வந்தால் அதையும் வெளியிடாதீர்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அனுப்பியவருக்கு அதைப் பக்குவமாகச் சொல்லி, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள். வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் என்று ரோமானியக் காசு கிடைத்த நாடு இது. “இங்கே காசு கிடைத்தது” என்று துல்லியமான புள்ளி போட்டால் அடுத்த வாரம் மெட்டல் டிடெக்டரோடு ஆள் வரும். காவல் இல்லாத கல்வட்டங்களுக்கும் (பழங்கால ஈமக்குழிகளைச் சுற்றிய கற்கள்) ஊர்ப் பெயர் மட்டும் போதும். படத்தை ஏற்றுமுன் அதற்குள் போன் எழுதிவைத்த இடக்குறிப்பையும் நீக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பேசுபவரின் ஒப்புதலை அதே பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம்: 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள், அவர்கள் தகவலை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பெயரும் போன் எண்ணும் கேட்காமலே நடைவழியை அமைத்துவிட்டால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி இல்லை.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கோயில் என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. ஆகவே பேரூரோ அவிநாசியோ, உங்கள் நிறுத்தம் தேர்நிலையிலோ தெப்பக்குளத்து ஓரத்திலோதான். உள்ளே பார்க்க வேண்டியதை வெளியே நின்று கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டுப் போகும்படி எழுதுங்கள்.

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில், அது மத்தியத் துறையாக இருந்தாலும் மாநிலத் துறையாக இருந்தாலும், துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. விஜயமங்கலம் சமணக் கோயில் மாதிரி இடத்தில் பலகையைப் பேருந்து நிறுத்தத்திலோ எதிர்க்கடையிலோ வைப்பதே சுலபம். தெருவும் வாய்க்கால் கரையும் என்றால் ஊராட்சி அல்லது நகராட்சி, நீர்வளத் துறை. தோட்டம் என்றால் தோட்டக்காரர். ஒருமுறை கேட்டு வாங்கிய வாய்வார்த்தை மஞ்சள் நட்ட பிறகு செல்லாது, பருவத்துக்குப் பருவம் கேளுங்கள். புலிகுத்திக் கல் பல ஊரில் கும்பிடும் சாமி. எண்ணெய் பூசி, பொங்கல் வைக்கிற கல்லுக்குப் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்காமல் புள்ளி போட்டால், அவர்களே பலகையைப் பிடுங்கிவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை.

இயற்கை அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். கோவையில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்ததையும் மரத்துண்டுகளையும் பார்த்தவருக்கு, அதே மரம் உயிரோடு எந்தச் சாலையோரத்தில் நிற்கிறது என்று காட்டுவது நல்ல வழி. பறவைக்கு வெள்ளோடு, நஞ்சராயன் குளம். முன்னது 2022-லும் பின்னது 2024-லும் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. படத்தைப் பதிய, உயிரினப் பதிவுக்கான ஐநேச்சுரலிஸ்ட் செயலி போதும். அழியும் நிலையில் உள்ள இனங்களுக்கு அது தானாகவே இடத்தைப் பொதுவில் மங்கலாக்கிவிடும். யானை நடமாடும் காட்டோரத்துக்கு யாரையும் இட்டுச் செல்லும் நிறுத்தம் வைக்காதீர்கள். குளக்கரையில் ஒலியை ஸ்பீக்கரில் போடவிடாதீர்கள்.

வெயில் காலத்தில் நடக்குமா?

பங்குனி முதல் வைகாசி வரை காலை 9:30-க்குள் அல்லது மாலை 4:30-க்கு மேல். வெயிலில் 20 நிமிடம் கையில் பிடித்தால் போன் சூடேறித் திரை தானாக மங்கும். கல் வெயிலில் இருந்தாலும் கேட்கும் இடம் நிழலில் இருக்கட்டும். 12 மீட்டர் தள்ளி ஒரு வேம்பு இருந்தால் பலகை வேம்படியில். தண்ணீர் எங்கே கிடைக்கும், கழிப்பிடம் எங்கே என்ற இரண்டும் வரைபடத்தில் கட்டாயம். பெண்கள் வருவதும் வராததும் இரண்டாவதைப் பொறுத்தது.

வெற்றியா தோல்வியா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இறக்கம் எத்தனை என்பதை வைத்துப் பார்க்காதீர்கள். திறப்பு விழாவன்று எல்லாரும் இறக்குவார்கள். நிறுத்தம் வாரியாகத் திறந்த எண்ணிக்கை, ஒலியைக் கடைசிவரை கேட்டவர்கள், அருங்காட்சியகத்துக்கு முத்திரைத் தாளோடு வந்தவர்கள் – இந்த மூன்றும் போதும். நான்காவது நிறுத்தத்தில் எண்ணிக்கை திடீரென்று விழுந்தால், ஒலியில் குற்றம் தேடுமுன் நேரில் போய்ப் பாருங்கள்: நாய் இருக்கும், முள்வேலி வந்திருக்கும், தேர்தல் சுவரொட்டி பலகையை மூடியிருக்கும்.

பராமரிப்புக்கு என்ன வேலை, எவ்வளவு?

மாதம் ஒருமுறை ஒருவர் முழு வழியையும் சாதாரண போனில், சொந்த டேட்டாவில் நடந்து பார்க்க வேண்டும். பலகையைத் துடைத்து, குறியீட்டை மூன்று வேறு போனில் படித்து, ஒட்டியது சுரண்டி, வேலி, பள்ளம், புதுக்கட்டடம் இருந்தால் ஒலியை மாற்றக் குறித்துக்கொள்ள வேண்டும். டொமைன் பெயரை 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டி, ஒரு நபரின் மின்னஞ்சலில் இல்லாமல் அலுவலக மின்னஞ்சலில் பதியுங்கள். பதிந்தவர் மாற்றலாகிப் போனதும் புதுப்பிப்பு அறிவிப்பு அவரோடு போய்விடும். ஒரு நிறுத்தத்தை எடுத்துவிட முடிவு செய்தால், பலகையைக் கழற்றிய பிறகு பக்கத்தை அழிக்காமல் “இந்த இடம் இப்போது பார்க்க முடியாது, ஒலியை மட்டும் கேட்கலாம்” என்று விட்டுவையுங்கள். பழைய தாளில் அச்சான குறியீட்டைப் பிடிக்கிறவர்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருப்பார்கள்.